இதயத்தின் ஆற்றலும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: மருத்துவ அறிவியலாளர் எல்லாப்பிரகடா சுப்பாராவின் வாழ்வு

இதயத் தசை சுருங்கி விரிவதற்கு வேண்டிய ஆற்றல் எப்பொருளிலிருந்து கிடைக்கிறது என்பதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவரே 53-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய வாழ்க்கையின் ஊடாக, இதய நோயிலும் இரத்தக் குழாய் நோயிலும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் வகிக்கும் பங்கை இப்பக்கம் விளக்குகிறது.

கடலூர், சிதம்பரம் பகுதி அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இதய நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் இரத்தக் குழாய் அடைப்பு வராமல் தடுக்கலாமா என்பதே அது. இரத்த அழுத்த மாத்திரையையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, இத்தகைய மாத்திரைகளை விலை கொடுத்து வாங்குவோரும் உள்ளனர். அவர்களுக்காகவே இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

பிறப்பும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை வருவாய்த் துறையில் பணியாற்றியவர். குடும்பம் வறுமையில் இருந்தது. சிறுவயதில் ஒருமுறை, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியிலேயே பிடித்துத் திருப்பி அழைத்துவரப்பட்டார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வியுற்று, மூன்றாம் முறையாகச் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்தார்.

துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர வேண்டும் என்பது அவருடைய இளமைக் கால விருப்பம். தாயார் அதற்கு இசையவில்லை. தொண்டு செய்வதற்கு மருத்துவமே ஏற்ற வழி என்று கருதிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அறுவைச் சிகிச்சை அறையிலும் கதர் அங்கி அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் இதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும் அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. இதனால் அரசு மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பை இழந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்தார்.

இக்காலத்தில் அவருடைய குடும்பத்தைப் பெருந்துயர் தாக்கியது. ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோயால் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமல், நாட்பட்ட வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் உண்டாகும் நோய் இது. சுப்பாராவும் இதே நோயால் பாதிக்கப்பட்டுத் தப்பினார். இந்நோய்க்குக் காரணம் என்ன என்ற வினா அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

பாஸ்டன் நகரில்: தசையின் ஆற்றல்

1920-களின் தொடக்கத்தில், அறக்கட்டளை ஒன்றின் உதவியையும் மாமனார் திரட்டித் தந்த பணத்தையும் கொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சுப்பாராவ் அதன்பின் தாயகம் திரும்பவேயில்லை. இந்திய மருத்துவச் சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்ற இயலாததால், மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிவுக் கலங்களைச் சுத்தம் செய்யும் இரவுப் பணியை ஏற்றார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்.

அங்கு சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியலாளருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரில் உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் அதைப் பயன்படுத்தின. அம்முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இல் இருவரும் கண்டறிந்தனர். 1929-இல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கப்படும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதே கண்டுபிடிப்பை அறிவித்தார்.

ஏ.டி.பி. என்பது உயிரணுக்களின் செலவுப் பணம் போன்றது. இதயம் ஒருநாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏ.டி.பி. செலவாகிறது. இதயத் தசையில் இருக்கும் ஏ.டி.பி. இருப்பு சில நொடிகளுக்கு மட்டுமே போதுமானது. எனவே இதயம் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். பாஸ்போகிரியாட்டின் என்பது அவசரத் தேவைக்குக் கைகொடுக்கும் சிறுசேமிப்பு.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

ஏ.டி.பி.யின் பெரும்பகுதி, உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் உருவாகிறது. இதயத் தசை உயிரணுவின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இவையே நிரப்பியுள்ளன. உணவிலிருந்து வரும் கொழுப்பும் சர்க்கரையும் இங்கு ஆக்சிஜனின் துணையால் எரிக்கப்படுகின்றன. அடுப்பு எரியும்போது தீப்பொறி சிதறுவது போல, இந்த எரிப்பின்போதும் ஆக்சிஜனின் சிறு பங்கு நிலையற்ற மூலக்கூறுகளாக மாறி வெளிப்படுகிறது. இவற்றை ஃப்ரீ ராடிகல்கள் என்கிறோம். இவை அருகில் உள்ள கொழுப்பு, புரதம், மரபணுப் பொருள் ஆகியவற்றைத் தாக்கிச் சிதைக்கக்கூடியவை. இரும்பு துருப்பிடிப்பதும் நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் ஆக்சிஜனேற்றத்தின் வெளிப்படையான எடுத்துக்காட்டுகள்.

உடல் இதற்கு எதிராகப் பாதுகாப்பையும் வைத்துள்ளது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியின் இப்பணி 1969-இல் கண்டறியப்பட்டது. கேட்டலேஸ், குளுட்டாதயோன் ஆகியவையும் இத்தகையவை. தீப்பொறி சிதறுவதும் அணைவதும் சமநிலையில் இருக்கும்வரை தீங்கில்லை. நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கு வெள்ளை அணுக்கள் ஃப்ரீ ராடிகல்களையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே அவை முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டியவை அல்ல. உற்பத்தி மிகுந்து, பாதுகாப்பு குறையும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. மனவழுத்தம் என்பது வேறு, இது வேறு.

இரத்தக் குழாயில் நிகழ்வது

இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான மெல்லிய படலம் மூடியுள்ளது. குழாயைத் தளர்த்தி இரத்தம் எளிதாகப் பாய உதவும் நைட்ரிக் ஆக்சைடு இங்கு சுரக்கிறது. இதனை வெளிப்படுத்திய அறிவியலாளர் மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஃப்ரீ ராடிகல்கள் மிகும்போது நைட்ரிக் ஆக்சைடு அழிக்கப்படுகிறது. குழாய் இறுகுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது.

எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து அங்கேயே தங்கும்போது, ஃப்ரீ ராடிகல்கள் அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. இவ்வாறு கெட்டுப்போன கொழுப்பை வெள்ளை அணுக்கள் விழுங்கி, நுரை போன்ற உயிரணுக்களாகி, சுவரிலேயே தேங்குகின்றன. நாளடைவில் அது கொழுப்புப் படிவாக வளர்கிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. இதயத்தில் நிகழ்ந்தால் அது மாரடைப்பு. மூளையில் நிகழ்ந்தால் பக்கவாதம்.

இந்தத் தீப்பொறிகளை மிகுவிப்பவை எவை என்பது நன்கு அறியப்பட்டுள்ளது. புகையிலைப் புகை, விறகடுப்புப் புகை, வாகனப் புகை ஆகியவை நேரடியாகவே ஃப்ரீ ராடிகல்களைக் கொண்டுவருகின்றன. உயர் இரத்தச் சர்க்கரை, மைட்டோகாண்ட்ரியாவில் அவற்றின் உற்பத்தியைக் கூட்டுகிறது. உயர் இரத்த அழுத்தத்தில் பங்குபெறும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள், குழாய்ச் சுவரில் அவற்றை உண்டாக்கும் நொதியைத் தூண்டுகிறது. உடற்பருமனும் உடலுழைப்பின்மையும் இவற்றுக்குத் துணைபோகின்றன.

ஃபோலிக் அமிலம் முதல் யானைக்கால் மருந்து வரை

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அவருடைய வழிகாட்டுதலில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகைக்கு அது பயன்படுவதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். இன்று கருவுற்ற தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்துடன் சேர்த்து வழங்கப்படும் மாத்திரையில் இருப்பதும் இதே ஃபோலிக் அமிலமே.

ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் அமினாப்டெரின் என்னும் மருந்தும் அங்கு உருவானது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதை அளித்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948-இல் அறிவித்தார். ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் 1947-இல் அங்கிருந்தே வெளிவந்தது. கடலூர் மாவட்டத்தில் யானைக்கால் நோய் ஒழிப்புக்காக வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரையை மூத்தவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். அது சுப்பாராவின் ஆய்வகம் தந்த மருந்தாகும்.

53 வயதில் மறைவு

1948 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, உறக்கத்தில் மாரடைப்பு ஏற்பட்டு சுப்பாராவ் இறந்தார். இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைவடையச் சில நாட்களே இருந்தன. அவர் இறுதிவரை இந்தியக் குடிமகனாகவே இருந்தார். 1995-இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

அவர் இறந்த காலத்தில் மாரடைப்புக்குப் பல வாரப் படுக்கை ஓய்வே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியோ, அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ, ஸ்டாடின் மாத்திரையோ அன்று இல்லை. உயர் இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு வழிவகுக்கின்றன என்பதை நிலைநாட்டிய ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு, பாஸ்டனுக்கு அருகில் அதே 1948-இல்தான் தொடங்கியது.

53 என்னும் வயதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும். 52 நாடுகளில் நடைபெற்று 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதளவில் ஏற்படுவது தெரியவந்தது. பிற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59 வயது. நம்மவருக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே ஆபத்து வருகிறது. எனினும் முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு, மாற்றக்கூடிய அல்லது கட்டுப்படுத்தக்கூடிய ஒன்பது காரணிகளால் விளைவதாக அவ்வாய்வு காட்டியது.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் பயன் தருகின்றனவா?

ஃப்ரீ ராடிகல்கள் தீங்கு செய்கின்றன என்றால், அவற்றை அணைக்கும் வைட்டமின்களை விழுங்கினால் போதும் என்று எண்ணுவது இயல்பே. அறிவியலாளர்களும் அவ்வாறே எதிர்பார்த்துப் பெரிய அளவில் சோதித்தனர்.

2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், இதய நோய் ஆபத்து மிகுந்த 9,000-க்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் ஈ அல்லது வெற்று மாத்திரை அளித்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்தனர். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 20,536 பேர் பங்கேற்றனர். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்கு எப்பயனும் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் ஸ்டாடின் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 1990-களில் நடந்த வேறு இரு ஆய்வுகளில், பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயை அதிகரித்தது.

சுப்பாராவின் ஃபோலிக் அமிலமும் இதயத்துக்காகச் சோதிக்கப்பட்டது. ஃபோலிக் அமிலம் குறையும்போது இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் கூடுகிறது. அது குழாயின் உட்படலத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கவல்லது. 5,522 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன, மாரடைப்பைக் குறைக்கவில்லை. கருவுற்றோருக்கும் இரத்தசோகை உடையோருக்கும் ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. இதய நோயைத் தடுக்கும் மருந்தாக அதைக் கருத இயலாது.

ஃப்ரீ ராடிகல்கள் உருவாகும் இடத்துக்கு, உருவாகும் கணத்தில், விழுங்கிய வைட்டமின் போதிய அளவில் சென்று சேர்வதில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. சிதறிய தீப்பொறிகளைத் துரத்துவதைவிட, அவை கிளம்பும் இடத்தை அடைப்பதே பயன் தருகிறது. தாங்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் அதைத்தான் செய்கின்றன. எனாலபிரில் போன்ற மருந்துகள் ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கின்றன. ஸ்டாடின், ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய கெட்ட கொழுப்பையே குறைக்கிறது. நீரிழிவு மாத்திரை சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. எனவே இவற்றை நிறுத்திவிட்டு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்குவது, பயனுள்ளதைக் கைவிட்டுப் பயனற்றதைப் பற்றுவதாகும்.

நோயாளிகளும் பராமரிப்போரும் செய்ய வேண்டியவை

• பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றை முற்றிலும் கைவிடுக. வீட்டினுள் பிறர் புகைப்பதையும் அனுமதிக்க வேண்டாம்.

• இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரையின்றி நிறுத்த வேண்டாம். அளவு இயல்பாக இருப்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளமாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இம்மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன.

• நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, கீரை, பழம் உண்க. முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் ஆகியவை எளிதில் கிடைப்பவை. விலை உயர்ந்த அயல்நாட்டுப் பழங்கள் தேவையில்லை. உணவாக உண்ணும்போது கிடைக்கும் நன்மை, வைட்டமினை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரையில் கிடைப்பதில்லை.

• உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாமல் இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி. மீன் உண்பவர்கள் மத்தி போன்ற மீன்களைப் பொரிக்காமல் குழம்பாக உண்ணலாம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டாம்.

• மருத்துவர் அனுமதித்த அளவில், வாரத்துக்கு 150 நிமிடம் விரைவான நடைப்பயிற்சி செய்க. முறையான உடற்பயிற்சி, உடலின் இயற்கையான பாதுகாப்பு நொதிகளை வலுப்படுத்துகிறது.

• இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மிகுந்த அளவு வைட்டமின் ஈ, இவர்களுக்கு இரத்தக்கசிவை உண்டாக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரை, பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க.

• வேறு எந்த மாத்திரை, பொடி, லேகியம் எடுத்துக்கொண்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுக.

உடனடியாக மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்த்தல், மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி மிகாமல், களைப்போ வாந்தி உணர்வோ மட்டும் தோன்றலாம். வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள்.

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வாயுத் தொல்லை என்று எண்ணி, சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். 108 ஊர்தியை உடனே அழைக்கவும். நெஞ்சுவலியுடன் வருவோருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகளை அளித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. இரத்த ஓட்டம் தடைபட்ட ஒவ்வொரு நிமிடமும், ஏ.டி.பி. தீர்ந்துபோன இதயத் தசை இறந்துகொண்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ளவும்.

சுப்பாராவுக்குக் கிடைக்காத பரிசோதனைகளும் மருந்துகளும் இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.